கண்ணில் விழுந்த பூ

கண்ணில் பூ விழுந்துவிட்டது என்று தேனி வட்டாரத்துக் கிராமங்களில் சொன்னால், கருவிழியின் மேல் வெள்ளையாகப் பதிந்த தழும்பு என்று பொருள். கண்புரை வேறு, இது வேறு. புரை கண்ணுக்குள் இருக்கும் லென்ஸில் வயதோடு படர்வது. அந்த லென்ஸை எடுத்துவிட்டுச் செயற்கை லென்ஸ் வைத்தால் பார்வை திரும்பிவிடும். பூ அப்படியல்ல. கண்ணின் முகப்பிலேயே ஏதோ ஒரு புண் வந்து ஆறிய இடத்தில் நின்றுபோன வடு அது. அந்தப் புண்ணை மருத்துவர்கள் கருவிழிப் புண் என்கிறார்கள். கிராமங்களில் அது பெரும்பாலும் மிகச் சிறிய காயத்தில்தான் தொடங்குகிறது: கண்ணில் தெறித்த ஒரு நெல்மணி, முகத்தில் கீறிய கரும்புத் தோகை, தூற்றும்போது காற்று கொண்டுவந்து போட்ட உமி.

கருவிழி என்று இங்கே சொல்வது கண்ணின் முன்பக்கத்தை மூடியிருக்கும் கண்ணாடி போன்ற படலத்தை. நடுப்பகுதியில் அதன் தடிமன் ஏறக்குறைய அரை மில்லிமீட்டர்தான். குறுக்களவு 11 முதல் 12 மில்லிமீட்டர். கடிகாரத்தின் மேல் கண்ணாடி இருப்பதுபோல் கண்ணின் கறுப்பு, பழுப்புப் பகுதிக்கு மேலே இது கவிந்திருக்கிறது. உடலின் மற்றத் திசுக்களைப்போல் இதற்கு ரத்தக் குழாய்கள் கிடையாது. வேண்டிய பிராணவாயுவைக் காற்றிலிருந்தும், ஊட்டத்தைக் கண்ணீரிலிருந்தும் உள்ளே இருக்கும் நீரிலிருந்தும் எடுத்துக்கொள்கிறது. ரத்தம் ஓடினால் ஒளி தடைபடும் என்பதால் இப்படி ஓர் அமைப்பு. தடிமனில் பத்தில் ஒன்பது பங்கு கொல்லாஜன் இழைகளால் ஆனது. தறியில் பாவு விரித்ததுபோல் அந்த இழைகள் சீரான இடைவெளியில், அடுக்கு அடுக்காகக் கிடக்கின்றன. அந்த ஒழுங்குதான் கருவிழியை ஒளி ஊடுருவும் பொருளாக வைத்திருக்கிறது. இழைகள் ஓரிடத்தில் அறுந்து, தாறுமாறாக மீண்டும் ஒட்டினால் அந்த இடம் வெளுத்துவிடும். பூ என்பது அந்த ஒழுங்கு குலைந்ததன் அடையாளம்.

இழை அடுக்குகளுக்கு மேலே மெல்லிய மேல்தோல் ஒன்று உண்டு. நரம்பு முனைகள் நெருக்கமாகப் பின்னிக் கிடக்கும் இடம் அது. அதனால்தான் சிறு துரும்பு பட்டாலும் கண்ணைத் திறக்க முடியாமல் நீர் கொட்டுகிறது. இந்த மேல்தோலுக்கு ஒரு நல்ல குணம்: கீறினால் ஓரிரு நாளில் தானாக மூடிக்கொள்ளும், தழும்பும் விடாது. ஆபத்து கீறலில் இல்லை. கீறிய பொருள் உள்ளே எதை விட்டுப்போகிறது என்பதில்தான் இருக்கிறது.

கம்பம் பள்ளத்தாக்கு மேற்கே ஏலமலைக்கும் கிழக்கே மேகமலைக்கும் நடுவில் கிடக்கும் நீண்ட பசுமை. லோயர்கேம்ப் முதல் பழனிசெட்டிபட்டி வரை முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரில் 14,707 ஏக்கரில் இருபோகம் நெல் விளைகிறது. நெல்லைத் தாண்டினால் வாழை, தென்னை, கரும்பு, திராட்சைப் பந்தல்கள். நடவும் களையெடுப்பும் அறுப்பும் குனிந்து செய்யும் வேலைகள். முகம் பயிருக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. நெல்மணியின் கூரும் அதன் சொணையும் வெறும் கண்ணுக்கு ஒன்றுமில்லாததுபோல் தெரிந்தாலும் கருவிழியின் மேல்தோலைக் கிழிக்கப் போதுமானவை. அறுவடை இயந்திரம் வந்த வயல்களிலும் அதன் பின்னால் வைக்கோல் தூசி மேகமாகப் பறக்கிறது.

மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையின் பதிவுகளை மாதவாரியாகப் பிரித்துப் பார்த்த ஓர் ஆய்வு 2012-இல் வெளியானது. பாக்டீரியாவால் வரும் கருவிழிப் புண் ஆண்டு முழுவதும் ஏறக்குறைய ஒரே அளவில் வருகிறது. பூஞ்சையால் வரும் புண்ணோ ஜூலையிலும் ஜனவரியிலும் உயர்கிறது. தமிழ் மாதத்தில் சொன்னால் ஒன்று ஆனி முடிந்து ஆடி பிறக்கும் நேரம். ஆண்டிபட்டி, கண்டமனூர்ப் பக்கத்துக் காற்றாலைகள் ஓயாமல் சுழலும் காலம். மற்றொன்று மார்கழி முடிந்து தை பிறக்கும் அறுவடைக் காலம். ஒரு நோயின் வரைபடம் இப்படி உழவர் நாட்காட்டியோடு ஒத்துப்போவது தற்செயல் அல்ல. காற்றும் அறுவடையும் கண்ணில் எதைக் கொண்டுவந்து போடுகின்றன என்பதை அந்த இரண்டு உச்சங்களே சொல்லிவிடுகின்றன.

இந்த நோயின் பரப்பு எவ்வளவு என்று முதன்முதலில் எண்ணிப் பார்த்தது 1990-களில்தான். 1993-ஆம் ஆண்டில் மதுரை மாவட்டத்துக் கண் மருத்துவர்களிடம் வந்த நோயாளிகளின் கணக்கை வைத்து ஒரு மதிப்பீடு செய்யப்பட்டது. தேனி அப்போது தனி மாவட்டம் ஆகவில்லை. அது 1996-இல்தான் பிரிந்தது என்பதால் பெரியகுளம், உத்தமபாளையம் பகுதிகளும் அன்றைய மதுரை மாவட்டத்துக்குள் அடங்கியிருந்தன. ஆண்டுக்குப் பத்தாயிரம் பேரில் 11.3 பேருக்குக் கருவிழிப் புண் வருகிறது என்று அந்த மதிப்பீடு சொன்னது. அமெரிக்காவில் மின்னசோட்டா மாநிலத்தின் ஒரு மாவட்டத்தில் எடுத்த கணக்கில் லட்சம் பேருக்குத்தான் 11 பேர். பத்து மடங்கு வேறுபாடு. மதுரையின் கருவிழி மருத்துவர் எம். சீனிவாசனும் சான்பிரான்சிஸ்கோவின் ஜான் விட்சரும் 1997-இல் எழுதிய கட்டுரையில் இதை ஓசையில்லாத கொள்ளைநோய் என்று குறித்தார்கள். கண் காயத்தாலும் கருவிழிப் புண்ணாலும் உலகில் ஆண்டுதோறும் 15 லட்சம் முதல் 20 லட்சம் பேர் ஒரு கண் பார்வையை இழக்கிறார்கள் என்பது 2001-இல் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் வந்த மதிப்பீடு. ஒரு கண் போனவர் பார்வையற்றோர் கணக்கில் வருவதில்லை. அதனாலேயே இந்த நோய் நெடுங்காலம் எந்தத் திட்டத்திலும் இடம்பெறவில்லை.

ஓசை எங்கே கேட்கிறது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 2005, 2006-ஆம் ஆண்டுகளில் சிங்கப்பூரிலும் ஹாங்காங்கிலும் அமெரிக்காவிலும் கான்டாக்ட் லென்ஸ் அணிபவர்களுக்கு ஃபியூசேரியம் என்ற பூஞ்சையால் கருவிழிப் புண் வந்தது. அமெரிக்காவில் உறுதி செய்யப்பட்டவை 164 நோயாளிகள். சில மாதங்களுக்குள் லென்ஸ் கழுவும் ஒரு கரைசல் உலகச் சந்தையிலிருந்தே திரும்பப் பெறப்பட்டது. செய்ய வேண்டியதைத்தான் செய்தார்கள். அதே பூஞ்சை தென் தமிழ்நாட்டு வயல்களில் ஒவ்வோர் ஆண்டும் கண்களைப் பறித்துக்கொண்டிருந்தது. திரும்பப் பெறுவதற்கு இங்கே ஒரு கரைசல் புட்டி இல்லை. மண்ணும் காற்றும் நெல்லும்தான் இருந்தன.

1994-இன் முதல் மூன்று மாதங்களில் மதுரை அரவிந்துக்கு வந்த 434 நோயாளிகளை ஆராய்ந்தபோது மூன்றில் இரண்டு பங்கினர் கண்ணில் அடிபட்டதைச் சொன்னார்கள். கிருமி வளர்ந்து அடையாளம் தெரிந்தவற்றில் பாக்டீரியாவும் பூஞ்சையும் ஏறக்குறைய சரிபாதி. பூஞ்சைகளில் பாதிக்குச் சற்றுக் குறைவாக ஃபியூசேரியம். அடுத்த இடத்தில் ஆஸ்பெர்ஜில்லஸ். இரண்டும் மண்ணிலும் மட்கும் செடிகளிலும் வாழ்பவை. ஃபியூசேரியம் தேனி மாவட்டத்து வாழை விவசாயிகளுக்குப் புதியதல்ல. இலைகள் மஞ்சளாகி, தண்டு பிளந்து, மரம் நின்றபடியே காய்ந்துபோகும் வாடல் நோயை உண்டாக்குவது அதே பேரினத்தைச் சேர்ந்த பூஞ்சைதான். கண்ணைத் தாக்கும் வகை வேறு, வாழையைத் தாக்கும் வகை வேறு என்றாலும் வேலை செய்யும் விதத்தில் ஓர் ஒற்றுமை உண்டு. இரண்டுமே நூல்போன்ற இழைகளை நீட்டிக்கொண்டு உயிருள்ள திசுவுக்குள் ஊடுருவிச் செல்கின்றன.

நெல்மணியின் முனையில் ஒட்டியிருக்கும் பூஞ்சை வித்து, கிழிந்த மேல்தோல் வழியாகக் கொல்லாஜன் அடுக்குக்குள் போய்ச் சேர்கிறது. காயம் பட்ட அன்று வலி கடுமையாக இருக்கும். மேல்தோல் மூடத் தொடங்கியதும் வலி தணிந்துவிடும். கண் சரியாகிவிட்டது என்று தோன்றும் அந்த நாட்களில்தான் வித்து முளைக்கிறது. முளைத்த இழை தன்னைச் சுற்றியுள்ள கொல்லாஜனைக் கரைக்கும் நொதிகளை வெளிவிட்டு, அடுக்குகளுக்கு இடையே பரவுகிறது. பாக்டீரியாப் புண் ஓரிரு நாளில் கண்ணைச் சிவக்கவைத்துச் சீழ் கட்டும். பூஞ்சைப் புண் மெதுவாக வரும். தொடக்கத்தில் நோயாளி உணரும் வேதனையைவிடக் கண்ணில் தெரியும் சேதம் அதிகமாக இருக்கும். விளிம்பில் இறகுபோல் பிரியும் வெள்ளைப் புள்ளி, அதைச் சுற்றித் தனித்தனியாகச் சிறு புள்ளிகள், கருவிழிக்குப் பின்னால் அடியில் தேங்கி நிற்கும் சீழ்க்கோடு என அடையாளங்கள் வரிசையாக வருகின்றன. முற்றிய நிலையில் இழைகள் கருவிழியின் கடைசிப் படலத்தையும் தாண்டிக் கண்ணின் உள்ளறைக்குள் போகும்.

ஆனால் கண்ணை அழிப்பது பூஞ்சை மட்டுமல்ல. உடலின் சொந்தக் காவலர்களுக்கும் அதில் பங்குண்டு. கடந்த இருபது ஆண்டுகளின் ஆய்வுகள் மிகுதியாக வெளிச்சம் போட்டிருப்பது இந்த இடத்தில்தான். பூஞ்சையின் செல்சுவரில் பீட்டா குளுக்கன் என்ற சர்க்கரைச் சங்கிலி உண்டு. வித்து உறங்கும் நிலையில் இருக்கும்போது மேலுறை அதை மறைத்திருக்கும். முளைக்கும்போது உறை விலகி, அது வெளியே தெரிகிறது. கருவிழியில் காவலுக்கு இருக்கும் செல்கள் டெக்டின்-1 என்ற உணரியால் அதைக் கண்டுகொண்டு அபாயச் சமிக்ஞைகளை அனுப்புகின்றன. கருவிழியைச் சுற்றியுள்ள ரத்தக் குழாய்களிலிருந்து நியூட்ரோபில் என்னும் வெள்ளணுக்கள் திரள் திரளாக உள்ளே வருகின்றன. பூஞ்சை இழை அவை விழுங்க முடியாத நீளம். ஆகவே அவை வீரியமான ஆக்ஸிஜன் மூலக்கூறுகளையும் புரதம் கரைக்கும் நொதிகளையும் இழையின் மேல் கொட்டுகின்றன. பூஞ்சை சாகிறது, பக்கத்திலிருக்கும் கொல்லாஜனும் சேர்ந்து கரைகிறது. தோலில் இப்படி ஒரு சண்டை நடந்தால் ஒரு தழும்போடு போகும். அரை மில்லிமீட்டர் தடிமனுள்ள கருவிழிக்கு அந்தத் தழும்பே பார்வையிழப்பு.

இந்த நிகழ்வை எலிகளில் மட்டும் பார்த்து நின்றுவிடாமல் மனிதக் கண்ணிலேயே உறுதி செய்ததில் மதுரைக்கு முக்கிய இடம் உண்டு. புண் முற்றிக் கருவிழி மாற்ற வேண்டியிருந்த நோயாளிகளிடம் அகற்றிய திசுவை, அரவிந்தின் நுண்ணுயிரியல் வல்லுநர் லலிதா பிரஜ்னாவின் குழுவினரும் அமெரிக்காவின் எரிக் பேர்ல்மேன் குழுவினரும் சேர்ந்து ஆராய்ந்தார்கள். 2011-இல் முடிவுகள் வெளியாயின. தொடக்க நாட்களில் எடுத்த திசுக்களில் நிறைந்திருந்தவை பெரும்பாலும் நியூட்ரோபில்கள். டெக்டின்-1 உள்ளிட்ட உணரிகளும் அழற்சியைத் தூண்டும் புரதங்களும் மிகுந்திருந்தன. பேர்ல்மேன் குழு எலிகளில் செய்த வேறோர் ஆய்வில், பூஞ்சை வளர இரும்புச் சத்து தேவை என்பதையும், இரும்பைப் பிடித்துவைக்கும் பொருளைக் கண்ணில் இட்டால் அதன் வளர்ச்சி குறைவதையும் காட்டியது. எலியிலிருந்து மனிதனுக்கு வரும் வழி நெடியது. எனினும் பூஞ்சையைக் கொல்லும் மருந்தைத் தேடுவதோடு, அதைப் பட்டினி போடும் வழியையும் தேடலாம் என்ற எண்ணம் அங்கிருந்து பிறந்தது.

காவலர்களே சேதம் செய்கிறார்கள் என்றால் அவர்களை அடக்கும் ஸ்டீராய்டு கொடுத்தால் என்ன என்று கேட்கத் தோன்றும். பாக்டீரியாப் புண்ணில் அதைச் சோதித்துப் பார்த்தார்கள். அரவிந்தும் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பிராக்டர் ஆய்வு நிறுவனமும் 500 நோயாளிகளைச் சேர்த்து 2006 முதல் நடத்திய சோதனை அது. பெரும்பான்மையினர் தமிழ்நாட்டு நோயாளிகள். முதலில் 48 மணி நேரம் ஆன்டிபயாட்டிக் சொட்டு; அதன்பின் ஒரு பாதியினருக்கு ஸ்டீராய்டு, மறுபாதியினருக்கு மருந்தில்லாத சொட்டு. மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது பார்வையில் மொத்தமாக வேறுபாடு இல்லை என்று 2012-இல் அறிவித்தார்கள். பூஞ்சைப் புண்ணில் நிலைமை இன்னும் கடுமை. அங்கே ஸ்டீராய்டு காவலைக் கலைத்துவிட்டுத் திருடனை வீட்டுக்குள் விடுவதற்குச் சமம். வெளிப்பார்வைக்குச் சிவப்பு குறைந்து கண் தெளிந்ததுபோல் இருக்கும். உள்ளே இழைகள் தடையின்றிப் பரவும். சிவந்த கண் என்று சொன்னதும் மருந்துக்கடையில் எடுத்துக் கொடுக்கப்படும் சொட்டு மருந்துகள் சிலவற்றில் ஆன்டிபயாட்டிக்கோடு ஸ்டீராய்டும் கலந்திருக்கிறது. காரணம் தெரியாத கண் புண்ணுக்கு அப்படி ஒரு புட்டியை வாங்கி ஊற்றுவதைவிடப் பெரிய தவறு இந்த நோயில் இல்லை.

வீட்டு வைத்தியமும் காயத்துக்கும் மருத்துவமனைக்கும் இடையே கழியும் நாட்களில்தான் நடக்கிறது. தாய்ப்பால் பீய்ச்சுவது, விளக்கெண்ணெய் விடுவது, நந்தியாவட்டைப் பூவைக் கண்ணில் ஒற்றுவது, இலைச்சாறு பிழிவது எனப் பலவும் உண்டு. சில ஊர்களில் கண்ணில் விழுந்த தூசியை நாக்கால் நீவி எடுப்பவர்கள் இருந்தார்கள். மதுரை அரவிந்துக்கு வந்த கருவிழிப் புண் நோயாளிகளில் ஏறக்குறைய பாதிப் பேர் ஏதாவது ஒரு நாட்டு மருந்தைக் கண்ணில் விட்டிருந்தார்கள் என்பது 1999-இல் வெளியான கணக்கு. இதை அறியாமை என்று ஒரு சொல்லில் ஒதுக்குவது நியாயமில்லை. வலி தாங்காத கண்ணோடு இருப்பவருக்கு அடுத்த வீட்டில் கிடைப்பது அதுதான்; மருத்துவமனைக்குப் போனால் ஒரு நாள் கூலி போகும். ஆனால் திறந்த கீறலுக்குள் சுத்தமில்லாத சாறு போவது புதிய கிருமிக்கு வழி. அதைவிட முக்கியமாக, மருந்து தொடங்க வேண்டிய நாட்கள் அதில் கரைந்துவிடுகின்றன.

மருத்துவமனையில் முதல் வேலை, புண் எதனால் வந்தது என்று கண்டுபிடிப்பது. வெறும் பார்வையில் அதைச் சொல்ல முடியும் என்று நெடுங்காலம் மருத்துவர்கள் நம்பினார்கள். அரவிந்தில் எடுத்த புண் படங்களைக் கருவிழி வல்லுநர்களிடம் காட்டி, பாக்டீரியாவா பூஞ்சையா என்று கேட்ட ஆய்வு ஒன்று 2012-இல் வந்தது. அவர்கள் சரியாகச் சொன்னது சராசரியாக 66 சதவீதம்தான். காசைச் சுண்டிப் போட்டாலே 50 கிடைக்கும். ஆகவே புண்ணின் விளிம்பைக் கத்தி முனையால் மெல்லச் சுரண்டி எடுத்து, கண்ணாடித் தகட்டில் வைத்து, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலை ஒரு சொட்டு விடுகிறார்கள். திசு கரைந்துவிடும், பூஞ்சை இழை மட்டும் கண்ணாடிக் குழாய்போல் நுண்ணோக்கியில் நிற்கும். சில நிமிடங்களில் விடை. செலவும் மிகக் குறைவு. சுரண்டியதில் ஒரு பகுதியை உருளைக்கிழங்குச் சாறு கலந்த கூழில் வளர்த்து, எந்தப் பூஞ்சை என்று சில நாட்களில் உறுதி செய்கிறார்கள். அண்மை ஆண்டுகளில் அரவிந்தின் படங்களைக் கொண்டு பயிற்றுவித்த கணினி நிரல்கள், படத்தை மட்டும் பார்த்துச் சொல்வதில் வல்லுநர்களையும் மிஞ்சியிருக்கின்றன. ஆய்வகமே இல்லாத ஊரில் அவற்றுக்கு எதிர்காலம் உண்டு. ஆய்வகம் இருக்கும் இடத்தில் அந்த ஒரு சொட்டுக் கரைசலுக்கு மாற்று இன்னும் வரவில்லை.

மருந்தின் கதை நாட்டாமைசின் என்ற பழைய சொட்டிலிருந்து தொடங்குகிறது. 1950-களில் தென்னாப்பிரிக்காவின் நட்டால் மாகாணத்து மண்ணிலிருந்து எடுத்த ஒரு நுண்ணுயிரிடமிருந்து கிடைத்தது; பெயரும் அந்த மாகாணத்திலிருந்து வந்தது. பாலாடைக்கட்டியின் மேல் பூஞ்சணம் பிடிக்காமல் இருக்கவும் இதைப் பயன்படுத்துகிறார்கள். பூஞ்சையின் செல்சுவருக்கு அடியிலுள்ள சவ்வில் எர்கோஸ்டெரால் என்ற கொழுப்புப் பொருள் உண்டு. மனித செல்லில் அது இல்லை. அதன் இடத்தில் கொலஸ்ட்ரால் இருக்கிறது. நாட்டாமைசின் எர்கோஸ்டெராலைப் பற்றிக்கொண்டு சவ்வின் வேலையை நிறுத்திவிடுகிறது. குறை என்னவென்றால் மூலக்கூறு பெரியது; தண்ணீரில் சரியாகக் கரையாமல் பால்போல் வெள்ளையாக நிற்கும்; கருவிழிக்குள் ஆழமாக இறங்காது. 2000-களில் வோரிகோனசோல் என்ற புதிய மருந்து வந்தது. அது நன்றாக ஊடுருவும், ஆய்வகத்தில் பல பூஞ்சைகளை அடக்கியது, விலையும் கூடுதல். உலகெங்கும் பல மருத்துவர்கள் புதியதற்கு மாறத் தொடங்கினார்கள்.

எது மேல் என்பதை நோயாளிகளிடமே சோதித்துத் தீர்க்க வேண்டியிருந்தது. பூஞ்சைப் புண் நோயாளிகள் குறுகிய காலத்தில் நூற்றுக்கணக்கில் வரும் இடங்கள் உலகில் சில மட்டுமே. மதுரைச் சுற்றுவட்டாரத்தின் துயரமே இங்கே ஆய்வுக்கான தகுதியாக அமைந்தது. வெங்கடேஷ் பிரஜ்னா தலைமையில் அரவிந்த் மருத்துவமனைகளில் 2010 ஏப்ரல் முதல் 2011 டிசம்பர் வரை 323 நோயாளிகள் சேர்க்கப்பட்டார்கள். குலுக்கல் முறையில் ஒரு பாதிக்குப் பழைய சொட்டு, மறுபாதிக்குப் புதிய சொட்டு. விழித்திருக்கும் நேரமெல்லாம் மணிக்கொரு முறை ஒரு வாரம், பிறகு இரண்டு மணிக்கொரு முறை மூன்று வாரம் வரை. யாருக்கு எது என்பது நோயாளிக்கும் தெரியாது, பரிசோதிப்பவருக்கும் தெரியாது.

முடிவு எதிர்பார்ப்பைப் புரட்டிப் போட்டது. பழைய நாட்டாமைசின் பெற்றவர்கள் மூன்று மாத முடிவில் எழுத்து அட்டையில் சராசரியாக ஏறக்குறைய இரண்டு வரி கூடுதலாகப் படித்தார்கள். ஃபியூசேரியம் நோயாளிகளை மட்டும் தனியே பார்த்தால் வேறுபாடு நான்கு வரி. புதிய மருந்து பெற்றவர்களில் கருவிழி ஓட்டையாவதும், அவசரமாகக் கருவிழி மாற்ற வேண்டி வந்ததும் அதிகம். இதைக் கண்டதும் புதிய மருந்துப் பிரிவில் ஆள் சேர்ப்பதைத் திட்டமிட்ட எண்ணிக்கைக்கு முன்பே நிறுத்தினார்கள். 2013-இல் முடிவு வெளியானது. முற்றிய புண்ணுக்குச் சொட்டு மருந்தோடு வோரிகோனசோல் மாத்திரையும் சேர்த்துக் கொடுத்தால் கண் பிழைக்குமா என்று இந்தியாவிலும் நேபாளத்திலும் 240 பேரிடம் அடுத்த சோதனை நடந்தது. ஒட்டுமொத்தத்தில் பயன் தெரியவில்லை. மருந்தைக் கருவிழிக்குள்ளேயே ஊசியால் செலுத்திப் பார்த்தார்கள். புற ஊதா ஒளியால் கொல்லாஜனை இறுக்கிப் பார்த்தார்கள். இரண்டும் சொட்டு மருந்தை மிஞ்சவில்லை. நேபாளத்தின் லஹான் நகரில் குளோர்ஹெக்சிடின் என்ற மலிவான சொட்டு மருந்தோடு ஒப்பிட்ட 2022-ஆம் ஆண்டு ஆய்விலும் நாட்டாமைசினே வென்றது. 2017-இல் உலக சுகாதார நிறுவனம் அதை இன்றியமையாத மருந்துகளின் பட்டியலில் சேர்த்தது.

ஆனால் இந்த வெற்றியின் அளவைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். சிறந்த மருந்து கிடைத்தும் புண் ஆறிய இடத்தில் பூ நிற்கத்தான் செய்கிறது. புண் மருந்துக்குக் கட்டுப்படாமல் ஓட்டையானால் சிறு துளையை ஒருவகைப் பசையால் அடைப்பார்கள். பெரிதானால் தானம் பெற்ற கருவிழியை வைத்துத் தைப்பார்கள். கண் கோளத்தைக் காப்பாற்றச் செய்யும் அந்த அவசர மாற்றில் பார்வை தெளிவாகத் திரும்புவது குறைவு. அழற்சி கொதிக்கும் கண்ணில் வைத்த கருவிழி மங்கிவிடும் வாய்ப்பு அதிகம். ஆகவே எல்லா ஆய்வுகளும் கடைசியில் ஒரே இடத்துக்குத்தான் வந்து சேர்கின்றன: நெல் பட்ட நேரத்துக்கும் புண் முளைத்த நேரத்துக்கும் இடையே உள்ள அந்தச் சில நாட்களுக்கு.

அந்த இடைவெளியில் நுழைந்து பார்த்த முதல் பெரிய முயற்சி நேபாளத்தின் பக்தபூரில் நடந்தது. 34,902 பேர் வாழும் பகுதியில் இரண்டு ஆண்டுகள், கீறல் பட்ட கண்ணுக்கு ஊர்ப் பணியாளர்களே குளோராம்பெனிகால் என்ற பாக்டீரியா எதிர்ப்புக் களிம்பு போட்டார்கள். 442 கீறல்களில் 96 சதவீதம் புண்ணாகாமல் ஆறின. 18 மணி நேரத்துக்குள் வந்தவர்களில் ஒருவருக்கும் புண் வரவில்லை என்று 2001-இல் அறிவித்தார்கள். தென் தமிழ்நாட்டில் பூஞ்சை மிகுதி என்பதால் சீனிவாசன் குழுவினர் அதோடு குளோட்ரிமசோல் என்ற பூஞ்சை எதிர்ப்புக் களிம்பையும் சேர்த்தார்கள். மதுரை மாவட்டத்தில் 48,039 பேர் வாழும் இரண்டு ஊராட்சிப் பகுதிகளில் 15 கிராம சுகாதாரப் பணியாளர்கள் 18 மாதம் உழைத்தார்கள். கண்ணில் அடிபட்டதென்று வந்தவர்கள் 1,365 பேர். ஒரு காகிதப் பட்டையிலுள்ள சாயத்தைக் கண்ணீரில் தோய்த்து, நீல ஒளியில் பார்த்தால் கீறல் பச்சையாக மின்னும். அப்படி மின்னியவர்கள் 374 பேர். நாளைக்கு மூன்று வேளை, மூன்று நாள் களிம்பு. 368 பேருக்கு எந்தச் சிக்கலும் இல்லாமல் ஆறியது. இருவருக்குத்தான் நுண்ணிய புண் தோன்றி, நாட்டாமைசினில் ஒரு வாரத்தில் சரியானது. இந்த முடிவுகள் 2006-இல் வெளியாயின.

இவை நம்பிக்கை தந்த ஆய்வுகள். ஆனால் களிம்பு போடாத ஊர்களோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் செய்தவை. பெரும்பாலான கீறல்கள் தானாகவே ஆறிவிடும் என்பதால், களிம்பின் பங்கு எவ்வளவு என்ற கேள்வி நின்றது. நேபாளத்தில் பல கிராமக் குழுக்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, சிலவற்றில் மட்டும் கண் பணியாளர்களை அமர்த்தி நடத்திய பெரிய சோதனையின் முடிவு 2022-இல் வந்தது. பணியாளர் இருந்த ஊர்களிலும் இல்லாத ஊர்களிலும் கருவிழிப் புண் ஏறக்குறைய ஒரே அளவில்தான் வந்தது. எதிர்பார்த்தவர்களுக்கு இது பெரிய ஏமாற்றம். எனினும் அதை மறைக்காமல் வெளியிட்டது ஆய்வின் நேர்மை. கீறல் பட்டவர் பணியாளரைத் தேடி வந்தால்தான் களிம்புக்கு வேலை. வலி தணிந்ததும் மறந்துவிடும் கீறலை யாரும் கொண்டுவந்து காட்டுவதில்லை என்பதை இந்த முடிவோடு சேர்த்துப் படிக்க வேண்டும்.

தேனி மாவட்டம் வேறொரு வழியில் அந்த இடைவெளியைக் குறைத்திருக்கிறது. மருத்துவர் ஜி. வெங்கடசாமி 1976-இல் மதுரையில் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த், தன் முதல் கிளையை 1985-இல் தேனியில் அமைத்தது. 2004 முதல் சுற்றுவட்டார ஊர்களில் சிறு கண் மையங்கள் வந்தன. மையத்தில் மருத்துவர் இருப்பதில்லை; பயிற்சி பெற்ற பணியாளர் விளக்கோடு கூடிய நுண்ணோக்கியில் கண்ணைப் பரிசோதிக்க, தேனியில் உள்ள மருத்துவர் காணொளியில் நோயாளியோடு பேசுகிறார். இணையம் எட்டாத அந்த நாட்களில் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகப் பொறியாளர்கள், வீட்டுக்குள் பயன்படும் வைஃபை கருவியைக் கோபுரங்களில் ஏற்றிப் பல கிலோமீட்டர் தூரம் எட்டுமாறு மாற்றி, தேனி மருத்துவமனையை இந்த மையங்களோடு இணைத்துக் கொடுத்தார்கள். கண்ணாடிக்கும் புரைக்கும் வருபவர்களே அங்கே அதிகம். ஆனால் அறுப்பில் நெற்கூர் குத்திய கண்ணோடு வருபவருக்கு, பேருந்து ஏறி நகரம் போய் ஒரு நாள் கூலியை இழக்காமல், சாயம் இட்டு நீல ஒளியில் கீறலைப் பார்க்க ஓர் இடம் ஊருக்குப் பக்கத்தில் இருக்கிறது. வெள்ளைப் புள்ளி தெரிந்தால் அன்றே தேனிக்கு அனுப்பிவிடுகிறார்கள்.